வாசல் இல்லாத எல்லை

ரஹ்மத்துல்லா பாய்க்கு ஐரோப்பா என்பது ஒரு பெரிய கூட்டுக்குடும்ப வீடு. ஒரு தடவைகூட அங்கே கால் வைத்ததில்லை. இருந்தாலும் பர்மாவில், யாங்கோன் நகரத்துக் கியாக்டடா பேட்டையில், மாடிப்படிக்கு அடியில் இருந்த தன் டிக்கெட் ஆபீஸில் உட்கார்ந்தபடியே, வந்தவர்களை அந்த வீட்டுக்குள் அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போவார்.

"வெளிவாசல்ல ஒரு தடவை முத்திரை விழுந்துட்டாப் போதும் அக்கா," என்றார் செல்லக்கண்ணுவிடம். "உங்களுக்கு பிரான்சு விசா. டிக்கெட் சல்லிசாக் கிடைக்கிறது ஜெர்மனிக்கு. அங்க இறங்கி ரயில்ல பிரான்சுக்குப் போயிடலாம். நடுவுல ஒருத்தனும் கேக்க மாட்டான். அறைக்கு அறை கதவே கிடையாது."

"கதவே இல்லையா?"

"கதவும் இல்ல, காவலும் இல்ல. ஆனா ஒண்ணு. இது ஒரு தடவை விசா. வெளிய வந்துட்டா வந்ததுதான். மறந்து எதையாவது வச்சிட்டு வந்தேன்னு திரும்பிப் போக முடியாது."

செல்லக்கண்ணு தலையை ஆட்டினாள். கதவில்லை என்பது அவள் காதில் நல்ல சேதியாகத்தான் விழுந்தது. அப்போதே யோசித்திருக்க வேண்டும். யாருக்குத்தான் அந்த நேரத்தில் புத்தி வேலை செய்கிறது?

தெயிஞ்சி மார்க்கெட்டில் கைலிக் கடை வைத்திருந்தவள் அவள். ஒரே மகன் சபாபதி. கப்பலில் எஞ்சின் அறை வேலை. அந்த வருஷம், 2004 மழைக்காலத்தில், மார்செய் துறைமுகத்தில் காய்ச்சலோடு இறக்கிவிடப்பட்டவன் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டான். கம்பெனிக்காரர்கள் அங்கேயே அடக்கம் செய்துவிட்டு, அவன் பெட்டியை மட்டும் அனுப்பிவைத்தார்கள். பெட்டிக்குள் துவைத்து மடித்த சட்டைகள் இருந்தன. அவன் ஜன்மத்தில் சட்டை மடித்ததில்லை. யாரோ முகம் தெரியாத புண்ணியவான் மடித்து வைத்திருக்கிறான் என்று நினைத்தபோதுதான் அவளுக்கு முதல் அழுகை வந்தது.

சமாதியைப் பார்க்கப் போகிறேன் என்றுதான் தூதரகத்தில் சொன்னாள். உண்மை அதுவல்ல. அவள் போனது அவனைக் கூட்டிவர.

மேல்மாடியில் குடியிருந்த பர்மாக்காரி டோ கின் சோ அந்த வழக்கத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்து வெகுகாலம் ஆகிறது. மனுஷன் வெளியூரில் செத்தால் அவனுடைய லெயிப்யா, அதாவது உயிருக்குள் இருக்கும் பட்டாம்பூச்சி, வழி தெரியாமல் அங்கேயே நின்றுவிடும். சொந்தக்காரர் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் மட்டும் போதாது. ஊர் எல்லை, ஆறு, பாலம், காவல்கேட் எது வந்தாலும் பேர் சொல்லி, "தாண்டுறோம், கூட வா" என்று சொல்ல வேண்டும். எல்லைக்கு எல்லை காவல் தேவதை உண்டு. சொல்லாமல் தாண்டினால் அது ஆவியைப் பிடித்து நிறுத்திவிடும்.

செல்லக்கண்ணுவின் புருஷன் மாணிக்கம் ஆற்றுக்கு அக்கரையில், தன்லியின் என்ற ஊர் மில்லில் மாரடைப்பில் விழுந்தபோது அவள் அப்படித்தான் செய்தாள். பாகோ ஆற்றுப் பாலத்துக் கேட்டில் வண்டியை நிறுத்தச் சொல்லி, சிப்பாய்கள் பார்க்கப் பார்க்க, "மாணிக்கம், பாலம் வருது, கூட வாங்க" என்றாள். புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அது ஒரு தடவைதான். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அவருடைய சாய்வுநாற்காலி தானாக ஒரு முறை முனகியது. அதன்பின் வீடு அமைதியாகிவிட்டது. வந்து சேர்ந்துவிட்டார் என்று அவளும் நிம்மதியானாள்.

தூதரகத்தில் விசா கொடுக்கும் பெண் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்வி: நீ திரும்பி வருவாயா? முழங்கால் வலிக்காரி ஒருத்தி அவர்கள் நாட்டில் ஒளிந்துகொண்டு என்ன செய்துவிடுவாள் என்று பயந்தார்களோ, தெரியவில்லை. கடைப் பத்திரம், குடும்பப் பட்டியல், இன்ஷூரன்ஸ், கம்பெனிக் கடிதம் என்று ரஹ்மத்துல்லா பாய் அடுக்கிக்கொடுத்ததை எல்லாம் காட்டினாள். போவது ஒருத்தி, வரப்போவது இரண்டு பேர் என்பதை மட்டும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

மார்செயில் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. கம்பெனி ஆள் கல்லறைக்குக் கூட்டிப்போனான். வெற்றிலையும் மகன் குடிக்கும் சுருட்டும் வைத்து, "சபாபதி, அம்மா வந்திருக்கேன். எந்திரி, வீட்டுக்குப் போவோம்" என்றாள். புல் கொஞ்சம் அசைந்தது. காற்றாகவும் இருக்கலாம். ஆனால் ரயிலடிக்கு நடந்தபோது தன் பின்னால் அவன் வருகிறான் என்பது அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. பெற்றவளுக்குத் தெரியாதா?

ஜெர்மனிக்குத் திரும்பும் ரயிலில்தான் எல்லாம் கெட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லைக்காகக் காத்திருந்தாள். வரும்போது ராத்திரி வண்டியில் தூங்கிப்போயிருந்தாள்; கதவில்லை என்று பாய் சொல்லியிருந்தாலும் எல்லைக்கு ஓர் அடையாளம்கூடவா இருக்காது என்று நம்பினாள். கம்பி வேலி வரும், கேட் வரும், கொடியும் தொப்பிக்காரனும் வருவார்கள், வண்டி நிற்கும், அப்போது கூப்பிடலாம் என்று இருந்தாள். கூப்பிட வேண்டிய வார்த்தைகளை நாக்கு நுனியிலேயே வைத்திருந்தாள். வயல் வந்தது, வீடு வந்தது, மறுபடி வயல். ஓர் ஆற்றுப் பாலத்தின்மேல் வண்டி நிற்காமல், வேகத்தைக்கூடக் குறைக்காமல் ஓடியது. கேட் இல்லாததால் அதை வெறும் ஆறு என்றே நினைத்துவிட்டாள். பாலம் முடிந்து, ஒலிபெருக்கியில் வேறு பாஷை கேட்ட பிறகுதான் நெஞ்சில் இடி விழுந்தது. தாண்டியாகிவிட்டது. சொல்லாமலே தாண்டியாகிவிட்டது.

எழுந்து, எதிரே வந்தவர்களை இடித்துக்கொண்டு பெட்டிக் கதவுக்கு ஓடினாள். கண்ணாடிக்கு அப்பால் ஆறு சிறுத்துக்கொண்டே போனது. கண்ணாடியில் இரண்டு கையையும் அடித்து, "வாப்பா! வந்துடுப்பா! ஏறிக்க, ஓடியா!" என்று கத்தினாள். வெள்ளைக்காரர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இருக்கைக்குத் திரும்பியபோது யாரோ கூடவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தது போலிருந்தது. சில்லென்றிருந்தது. அப்பாடா என்று கண்ணை மூடினாள். விமானம் ஏறி, மேகத்துக்கு மேலே போன பிறகுதான் அந்தக் கேள்வி எழுந்தது. நான் அவன் பேரைச் சொன்னேனா?

யாங்கோன் வீடு மூன்றாம் மாடி. எல்லா வீட்டையும் போல அதற்கும் பால்கனியிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்கும், மேல்முனையில் சின்ன மணி. பேப்பர்காரனும் காய்க்காரியும் கீழிருந்து இழுப்பார்கள். சபாபதி கப்பலிலிருந்து வந்தால் அந்தக் கயிற்றை அறுத்துவிடுவது மாதிரி இழுத்து, மணி ஓயும் முன்னாலேயே படியேறி வந்து, கதவைத் தோளால் முட்டித் திறப்பான். தட்டுகிற பழக்கமே அவனுக்குக் கிடையாது.

அவள் திரும்பிவந்த வாரம், அந்தி சாயும் நேரத்தில் மணி அடித்தது. ஒரே ஒரு தடவை. ரொம்ப மெதுவாக, மன்னிப்புக் கேட்கிறது போல.

ஓடிப்போய் எட்டிப்பார்த்தாள். தெருவில் கயிற்றடியில் யாருமில்லை. படியில் காலடி கேட்டது. ஏறுகிறது, நிற்கிறது, ஏறுகிறது. வாசல் வரை வந்து நின்றுவிட்டது. "சபாபதி?" என்று கதவைத் திறந்தாள். வெறும் படிதான். ஆனால் வாசற்படிக்கு அந்தப் பக்கம் தரை நனைந்திருந்தது. அன்றைக்கு மழையே இல்லை.

அடுத்த நாளும் மணி அடித்தது. அதற்கடுத்த நாளும். மகனுக்காக வெளியே வைத்திருந்த செருப்பு காலையில் இடம் மாறியிருந்தது. இரண்டும் ஒட்டி, நுனி வீட்டைப் பார்த்து, வாசற்படிக்கு ஒரு சாண் தள்ளி நின்றன. அப்படி நிற்பவர்களை அவள் எங்கேயோ பார்த்திருக்கிறாள். பிறகு நினைவு வந்தது. விமான நிலையத்தில், தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் எல்லாரும் அப்படித்தான் நின்றார்கள், கூப்பிடும்வரை.

என் பிள்ளை என் வீட்டு வாசலில் ஏன் அப்படி நிற்கிறான்?

சனிக்கிழமை சாயங்காலம் வார்டு ஆபீஸ் குமாஸ்தா ஊ மியின்ட் மூச்சு வாங்க ஏறிவந்தார். வீட்டில் விருந்தாளி தங்கினால் வார்டு ஆபீஸில் பதிய வேண்டும் என்பது ஊர்ச் சட்டம். பதியாமல் விட்டால் வீட்டுக்காரருக்குத்தான் வம்பு. நல்ல மனுஷர், அதனால் முதலில் எச்சரிக்க வந்திருந்தார்.

"டோ செல்லக்கண்ணு, விருந்தாளி வந்து இத்தனை நாளாச்சு, இன்னும் பதியலையே?" என்றார் பர்மிய மொழியில், மரியாதைக்கு டோ போட்டு.

"யாரும் வரலையே."

"தினமும் பொழுது சாயும்போது படியில நிக்கிறாரே, நானே பார்த்தேன். இப்பக்கூடக் கீழ்ப் படியில என்னைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டாரு."

அவள் வாசலுக்கு வெளியே எட்டிப்பார்த்தாள். "எப்படி இருக்காரு? கறுப்பா, சுருட்டை முடியா, காதுல மச்சம்?"

"அதெல்லாம் இல்ல. நம்ம ஊர் ஆள் மாதிரியே இல்லை. வெள்ளைக்காரனும் இல்லை. சின்னப் பையன், இந்த வேக்காட்டுல கனமான கோட்டு. ஆத்துல விழுந்து எந்திரிச்சவன் மாதிரி தலையெல்லாம் ஈரம். யாருன்னு கேட்டேன். பேசலை. கையை நீட்டினான், காயிதம் காட்டுற மாதிரி. கையில ஒண்ணுமில்ல." ஊ மியின்ட் தன் கையை நீட்டிக் காட்டினார், விரல்கள் எதையோ பிடித்த மாதிரி. பிறகு தன் கையையே ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மடக்கிக்கொண்டு, சீக்கிரம் பதிந்துவிடுங்கள் என்று இறங்கிப் போனார்.

செல்லக்கண்ணு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பேர் சொல்லவில்லை. வாப்பா என்றுதான் கத்தினாள். ஆற்றங்கரையில், அந்த நாட்டுக்குள் விடுவார்களா என்று காத்துக் கிடந்து, எந்தக் காலத்திலோ நீந்திப் பார்த்து முழுகிப்போனவன் எவனோ ஒருவன், அந்தக் குரலைக் கேட்டு ஏறிவிட்டான். இப்போது அந்த எல்லையில் கேட் கிடையாது. அது உயிரோடு இருக்கிறவர்களுக்கு. செத்தவனிடம் யார் போய்ச் சொன்னார்கள்? சபாபதி பாலத்துக்கு அந்தப் பக்கம், தன் பேரை யாராவது சொல்வார்களா என்று நின்றுகொண்டிருக்கிறான்.

திங்கட்கிழமை விடிந்ததும் ரஹ்மத்துல்லா பாயிடம் ஓடினாள். "பாய், மறுபடி போகணும். ஒரே ஒரு நாள் போதும்."

அவர் பாஸ்போர்ட்டைப் புரட்டி, வெளியேறிய முத்திரையை விரலால் தடவினார். "அன்னைக்கே சொன்னேனே அக்கா. புதுசா எழுதிப் போட்டா என்னத்துக்குன்னு கேப்பாங்க. சமாதியைத்தான் பார்த்துட்டீங்களே. என்ன காரணம் எழுத?"

அவளிடம் காரணம் இருந்தது. எழுதக்கூடிய காரணம் இல்லை. அழுதுகொண்டே எழுந்தாள். பாய் எழுதித்தான் போட்டார், பாவம். இல்லை என்று பதில் வந்தது.

விஷயத்தைக் கேட்டு டோ கின் சோ பயந்துவிட்டாள். "உள்ள வான்னு வாயால சொல்லிடாதே. சொல்லாத வரைக்கும் அதால வாசலைத் தாண்ட முடியாது. கதவைப் பூட்டி விளக்கேத்து, கொஞ்ச நாள்ல அதுவாப் போயிடும்" என்றாள்.

"எங்க போகும்?"

டோ கின் சோ விளக்குத் திரியை அவள் கையில் வைத்துவிட்டு மாடியேறினாள்.

அன்று அந்தியிலும் மணி அடித்தது. செல்லக்கண்ணு கதவைத் தாழிட்டு, விளக்கேற்றி, சாமிப்படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். காலடி வந்தது, நின்றது. கதவுக்கு அடியில் இருந்த இடுக்கில் குளிர் உள்ளே வந்து அவள் பாதத்தைத் தொட்டது. தண்ணீர் சொட்டும் சத்தம். முட்டவில்லை, தட்டவில்லை. அவ்வளவு பொறுமையாக நிற்க ஒரு பிள்ளையை யார் பழக்கிவிட்டார்கள் என்று நினைத்தபோது, பயத்தைத் தாண்டி அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்குள்ளேயே இன்னொரு நினைப்பும் வந்தது. எங்கேயோ ஒருத்தி இதேபோல ரயில் கண்ணாடியில் அடித்து, அவள் பாஷையில் வாப்பா என்று கத்தியிருந்தால், சபாபதியும் ஏறியிருப்பான். எந்த ஊர் வாசலிலோ இப்போது அவனும் நிற்பான். அங்கே அவளும் இப்படித் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாளா?

எழுந்து தாழைத் திறந்தாள். கதவுக்கு அப்பால் இருட்டும் ஈரமும்தான் இருந்தன. செருப்பு இரண்டும் இல்லாத மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றன.

"உள்ள வாப்பா," என்றாள். "இங்க யாரும் காயிதம் கேக்க மாட்டாங்க."

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வாசற்படிக்கு இந்தப் பக்கம் ஓர் ஈரப் பாதம் விழுந்தது. பிறகு இன்னொன்று. அவள் துண்டை எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டு, இரண்டு தட்டில் சோறு வைத்தாள்.

மறுநாள் காலை வார்டு ஆபீஸில் ஊ மியின்ட் பதிவு எழுத உட்கார்ந்தார். விருந்தாளியின் பேர் கேட்டார். தெரியாது என்றாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அன்றைக்கு நீட்டிக் காட்டிய தன் வலது கையைப் பார்த்தார். மேலே ஒன்றும் கேட்காமல் அந்த இடத்தைக் காலியாக விட்டார்.

"எத்தனை நாளைக்குத் தங்குவாரு?"

"அவங்க அம்மா வந்து பேர் சொல்லிக் கூப்பிடுற வரைக்கும்," என்றாள் செல்லக்கண்ணு.