முதுகுவலிப் பதினைந்து நாள்

தையல்காரிக்கு வக்கீலம்மா கொடுத்த வேலை சின்னதுதான். ஆறு வருடம் அந்த மனுஷனோடு ஒரே வீட்டில் வாழ்ந்ததில் எப்போது என்ன நடந்தது என்று தேதிவாரியாக எழுதிக்கொண்டு வரவேண்டும்.

"தெரியாமக் குடுத்திருந்தா அது வியாதி, அவ்வளவுதான். தெரிஞ்சும் மறைச்சிருந்தாத்தான் வழக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள யோசிச்சு முடிவு சொல்லும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஹெர்பிஸ். டாக்டர் சொன்னபோது ஏதோ பூச்செடியின் பெயர் மாதிரி இருந்தது. படுக்கையில் ஒட்டிக்கொள்கிற நோய். உயிர் போகாது, உடம்பை விட்டும் போகாது, மாத்திரை போட்டு அடக்கி வைக்கலாம் என்றார். அந்த மனுஷன், பேக்கரிக்காரர், தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். "எனக்கும் இப்பத்தான் தெரியுது, டேப்பு. உன்னைப் பாக்குறதுக்கு முந்தி எப்பவோ வந்து உள்ளயே கிடந்திருக்கும்போல." கழுத்தில் எந்நேரமும் இன்ச் டேப் தொங்குவதால் அவர் அவளுக்கு வைத்த பெயர் டேப்பு. அவள் பாதி நம்பினாள். மீதிப் பாதிக்காக அவரைப் பேக்கரி மாடி அறைக்கு அனுப்பிவிட்டாள்.

அக்கா கால்வாசி கூட நம்பவில்லை. "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற ஆளுடி அவரு. கேஸைப் போடு."

"கோர்ட்டுல என் உடம்பைப் பத்திக் கேப்பாங்கக்கா."

"கேக்கட்டுமே! வெக்கப்பட வேண்டியது நீயா, அவரா?"

"நெஜமாவே தெரியாமப் பண்ணியிருந்தா? ஒரு அப்பாவியை இழுத்துவிட்ட பாவம் எனக்கு எதுக்கு?"

"அப்பாவியாம் அப்பாவி! நீதான்டி அப்பாவி" என்றாள் அக்கா.

மறுநாள் காலை, கடையைத் திறந்ததும் திறக்காததுமாகப் பழைய அளவு நோட்டுகளை எல்லாம் கட்டிங் டேபிளில் பரப்பினாள். டைரி எழுதும் பழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது. ஆனால் ராஜாவுக்கே தைத்தாலும் தேதி போட்டு அளவெழுதாமல் துணியில் கத்தரி வைக்கமாட்டாள். அவருக்குத் தைத்ததும் அதில்தான் இருந்தது.

முதல் பக்கத்திலேயே முதல் சட்டை. காலர் பதினாறு. தோளை அளந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாரே, புருவத்திலிருந்து மைதா மாவு டேப்பில் உதிர்ந்ததே! "மூச்சை விடுங்க, செத்துகித்துப் போயிடாதீங்க" என்று இவள் சொல்ல, அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நோட்டில் பெரிய பை வைத்த ஏப்ரன். அந்தப் பையில்தான் தினமும் அவளுக்கென்று சூடாக ஒரு பன் வரும். எழுத வந்த வேலையை விட்டுவிட்டு அவள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன செய்ய, நன்றாகத்தானே வாழ்ந்தார்கள்?

அப்புறம் அந்த மழைக்காலம். மாவு மூட்டை தூக்கி முதுகு பிடித்துக்கொண்டது, கட்டாந்தரையில்தான் படுக்கவேண்டுமாம் என்று சொல்லிப் பதினைந்து நாள் கீழே பாயில் படுத்தார். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வந்து அவள் கட்டிலில் படுப்பாள். கையைக் கீழே தொங்கவிட்டால் அவர் பிடித்துக்கொள்வார். வெளியே மழை பெய்துகொண்டே இருக்கும், அவர் கதை சொல்லிக்கொண்டே இருப்பார். அவருடைய பழைய முதலாளியின் பொய்ப்பல் மாவில் விழுந்த கதையைக் கேட்டு அவளுக்கு விலா நோகச் சிரிப்பு. உடம்பைத் தொடாமலும் ஒரு ஆண்பிள்ளை பக்கத்தில் கிடந்து பேசுவானா என்று மனசு நிறைந்து போயிற்று. ஆறு வருடத்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் அவள் அந்தப் பதினைந்து நாளைத்தான் கேட்பாள்.

தேதி பார்க்கப் பக்கத்தைப் புரட்டினாள். அதே வாரம், அவள் கையெழுத்திலேயே: பைஜாமா மூன்று. மெல்லிய காட்டன். இடுப்பு முப்பத்து நான்கு. லூஸ் நான்கு இன்ச். தையல் உறுத்தக்கூடாது.

"எல்லாம் இறுக்குது டேப்பு, தொளதொளன்னு தச்சுக் குடு" என்று கேட்டிருந்தார். பன் தின்று தொப்பை போட்டுவிட்டது என்று கேலி செய்துகொண்டே அளந்தாள். டேப் பழைய முப்பத்து நான்கைத்தான் காட்டியது. இருபது வருடத் தொழில்! வேறு யாராவது இடுப்பு ஏறாமல் அவ்வளவு லூஸ் கேட்டிருந்தால், "என்ன, புண்ணா, ஆபரேஷனா?" என்று வாய் தானாகக் கேட்டிருக்கும். இவரைக் கேட்கவில்லை. தையலை மடித்து மடித்துப் பூப்போலத் தைத்துக் கொடுத்தாள். அடுத்த மாதம்தான் அவளுக்கு முதல் காய்ச்சலும் கொப்புளமும் வந்தன. சூட்டுக் கொப்புளம் என்று அவரே களிம்பு வாங்கிவந்தார்.

அடப்பாவி என்றது மனசு. தள்ளிப் படுக்கத் தெரிந்தவருக்கு எதற்காகத் தள்ளிப் படுக்கிறோம் என்று தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இருந்தாலும் ஆசை விடவில்லை. நிஜமாகவே முதுகுவலியாக இருந்திருந்தால்? மனசைத் திடப்படுத்திக்கொண்டு போனை எடுத்தாள்.

"டேப்பு! சாப்பிட்டியா?" குரலில் அதே குழைவு.

"ம். உங்க முதுகு இப்ப எப்படி இருக்கு?"

"முதுகா? முதுகுக்கு என்ன கேடு? இன்னிக்குக்கூட நாலு மூட்டையைத் தனியாளாத் தூக்கிப் போட்டேன். ஜென்மத்துல ஒரு நாள் முதுகு வலின்னு படுத்திருப்பேனா, உனக்குத் தெரியாதா?" பெருமையாகத்தான் சொன்னார்.

பொய் சொன்னதைக்கூட எப்படியோ பொறுத்திருப்பாள். அதை மறந்துபோனதுதான் தாங்கவில்லை.

"அப்ப அந்தப் பதினஞ்சு நாளு..."

"எந்தப் பதினஞ்சு நாளு?" என்றார் அவர்.

"வக்கீலம்மா சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.