முற்றத்துக்கு அந்தப் பக்கம்

கொழும்புத்துறைப் பிள்ளைகள் இல்லத்தில் மாதக் கடைசி ஞாயிறு பெற்றோர் வரும் நாள். மணி அடித்ததும் பிள்ளைகள் முற்றத்தைக் கடந்து ஓடிப்போய்த் தாய்மாரைக் கட்டிக்கொள்ளும். நிவேதனா மட்டும் தூணைப் பிடித்தபடி நிற்பாள். ஏழு வயதுக்கு இத்தனை வைராக்கியமா என்று இல்லப் பொறுப்பாளர் உதயகலாவுக்கே எரிச்சல் வரும்.

தாய் யசிந்தா குருநகர்க்காரி. புருசனைக் கடல் கொண்டுபோன பிறகு, வளர்க்க வழியில்லாமல் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டவள். அந்தக் குற்ற உணர்வில் குன்றிப்போய் முற்றத்துக்கு அந்தப் பக்கமே நிற்பாள். மற்றத் தாய்மார் எல்லாரும் கட்டிக்கொண்ட பிறகு கடைசியாகக் கிட்டப் போனால் மகள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"அவளுக்கு என்னிலை கோவம், மிஸ்," என்று ஒருநாள் அழுதாள்.

"நீங்கள் கிட்டப் போகாதேங்கோ. அவளா வரட்டும்," என்றாள் உதயகலா. பெரிய கெட்டிக்காரி! பிள்ளை மனம் தனக்குத்தான் தெரியும் என்ற எண்ணம்.

யசிந்தா அந்தச் சொல்லைத் தட்டவில்லை. சில மாதம் தூர நின்று பார்த்து, கொண்டுவந்த பணியாரத்தை உதயகலாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பிறகு வரவேயில்லை.

அதற்குப் பிறகுதான் சுகாதாரப் பரிசோதனைக்கு டொக்டர் வந்தார். கண் பார்க்கும்போது சுவரைக் காட்டி, "அந்த அட்டையிலை பெரிய எழுத்து என்ன?" என்று கேட்டார்.

"எந்த அட்டை?" என்றாள் நிவேதனா.

டொக்டர் உதயகலாவைப் பார்த்தார். "கைக்கெட்டிற தூரத்துக்கு அங்காலை இந்தப் பிள்ளைக்கு ஒண்டும் வடிவாத் தெரியாது. ஒருத்தரும் கவனிக்கேல்லையோ?"

உதயகலா பிள்ளையின் முன்னால் குந்தினாள். "ஏன் குஞ்சு சொல்லேல்லை?"

"எல்லாருக்கும் இப்பிடித்தானெண்டு நினைச்சன், அன்ரி."

"அதாலைதான் அம்மா வந்தாலும் ஓடிப்போறேல்லையோ?"

"எது அம்மாவெண்டு தெரியாது. ஒருக்கா வேறை ஆளைக் கட்டிப்பிடிச்சிட்டன். எல்லாரும் சிரிச்சவை. அம்மா கடைசியாத்தான் என்னட்டை வருவா, அதுதான் கோவிச்சனான். பிறகு அவ வரவேயில்லை."

ஐயோ, வந்தாளே! வந்து எதிரே நின்று அழுதாளே! கிட்டப் போகாதே என்று அவளைத் தடுத்தது யார்?

கண்ணாடி வந்த அன்றே, அம்மாவைக் கூட்டிவருவதாகப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு உதயகலா குருநகருக்கு ஓடினாள். யசிந்தாவின் அக்கா கத்தரீனா வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அவள் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போட்டாள், மிஸ். 'பெத்த பிள்ளைக்கே என்ரை முகம் வேண்டாமாம், நான் ஆருக்காக இஞ்சை இருக்க?' எண்டு அழுதழுது போனவள். இரண்டு வருசத்துக்கு வரேலாது. போனையும் அந்த வீட்டுக்காரர் வாங்கி வைச்சிட்டினம். அவளா எடுத்தால்தான் உண்டு."

உதயகலா திரும்பி வரும்போது நிவேதனா புதுக் கண்ணாடியோடு முற்றத்தில் துள்ளிக்கொண்டிருந்தாள். வேப்பமரம் இலை இலையாகத் தெரிகிறதாம். மதிலில் ஓடுகிற அணிலும் தெரிகிறதாம்.

"அம்மா வாறாவோ, அன்ரி? அவவை இனி நான் தூரத்திலையே பிடிச்சிடுவன்!"

பொய் சொல்ல உதயகலாவுக்கு வாய் வரவில்லை. "அம்மா வெளிநாடு போட்டா, குஞ்சு. வரக் கனநாள் செல்லும்."

பிள்ளை அழவில்லை. கண்ணாடியைக் கழற்றி, சட்டை விளிம்பால் துடைத்து, உதயகலாவின் கையில் வைத்தாள்.

"அப்ப இதை நீங்கள் வைச்சிருங்கோ, அன்ரி. நான் போட்டால் உடைஞ்சிடும். அம்மா வரேக்கை தாங்கோ."