ஊதா ஓரம் வைத்த கைக்குட்டை

செவ்வாய்க்கிழமை ஒத்திகையில் நீவெஸ் இரண்டு முறை வசனம் மறந்தாள். இரண்டு முறையும் எடுத்துக் கொடுத்தேன், குறிப்பேட்டில் பக்க எண்ணோடு எழுதினேன். எங்கள் மெஸ்த்ரே ஊரின் மாலை நாடக வகுப்பில் என் வேலை அதுதான். மேடைப் பொருட்களும் என் பொறுப்பு. இரவு குறிப்பேடு ஒர்னெல்லா டீச்சரிடம் போய்விடும்.

தளபதியின் மனைவி வேடம் நீவெஸுக்கு. அவளால் முடியாமல் போனால் எனக்கு என்று டீச்சர் சொல்லியிருந்தார். முழு வேடமும் எனக்கு மனப்பாடம்.

இடைவேளையில் எல்வியோ வந்தான். மனைவியைப் பற்றித் தளபதியின் காதில் விஷம் ஊற்றும் துணையதிகாரி வேடம் அவனுக்கு.

"ஃபோஸ்கா, நீவெஸ் உன்னப் பத்தி ஒண்ணு சொன்னா. வேணாம், விடு."

"என்ன சொன்னா?"

"விடுன்னேன்ல. மனசு கஷ்டப்படும்."

"சொல்லித் தொலைடா."

"நீ வேணும்னே லேட்டா எடுத்துக் குடுக்கறியாம். உன் மூஞ்சியப் பாத்தாலே வசனம் மறந்துடுதாம்."

இதே தந்திரத்தை அவன் மேடையில் செய்வதை வரிக்கு வரி விரல் வைத்துப் பார்த்தவள் நான். ஆனாலும் நம்பினேன். நம்ப விரும்பினேனோ என்னவோ.

"போன வருஷம் ஒருத்தன் ஊதா சாக்ஸ் போட்டு வந்தானே, டீச்சர் அன்னிக்கே விரட்டிட்டாங்க, ஞாபகமிருக்கா?" என்று சிரித்துவிட்டுப் போனான். அவ்வளவுதான் சொன்னான்.

ஊதா மேடைக்கு ஆகாது. எங்கள் ஊரில் டிக்கெட் கிழிப்பவருக்கும் அது தெரியும்.

வியாழன், 6.40: நீவெஸிடம் கைக்குட்டை கொடுத்தேன். வெள்ளை, சிவப்புப் பூ. எழுதினேன். 7.10: அவள் ஒப்பனைக்குப் போனதும் அவள் பையிலிருந்து அதை எடுத்துவிட்டு, ஊதா ஓரம் தைத்த ஒன்றை வைத்தேன். எழுதவில்லை.

ஒத்திகையில் தளபதியின் நெற்றியில் கட்ட அவள் அதை உதறி விரித்தாள்.

"நிறுத்து! என் மேடையில ஊதாவா? சனிக்கிழம நாடகத்த வச்சுக்கிட்டு என்னடி திமிர் இது?"

"ஐயோ டீச்சர், ஃபோஸ்கா குடுத்ததுதான்!"

"என் மேல பழி போடாத" என்றேன்.

"குறிப்பேட்டப் படி" என்றார் டீச்சர் என்னிடம்.

படித்தேன். "ஆறு நாப்பது. கைக்குட்டை. வெள்ளை, சிவப்புப் பூ. நீவெஸ் கையில்." ஒவ்வொரு சொல்லும் உண்மை.

நீவெஸ் என்னையே பார்த்தாள். "நீ பக்கத்துல இருக்கற தைரியத்துலதான் மேடை ஏறறேன்னு நேத்துகூட டீச்சர்கிட்ட சொன்னேன்டி. கேட்டுப் பாரு."

டீச்சர் மறுக்கவில்லை. "சொன்ன, சரி. இப்ப கிளம்பு" என்றார்.

கதவு மூடியதும் எல்வியோ முன்னால் வந்தான். "டீச்சர், ஃபோஸ்காவ மேடையேத்திட்டா வசனம் எடுத்துக் குடுக்க ஆளில்ல. என் தங்கச்சி லூச்சில்லா இந்த வேஷம் ஏற்கெனவே பண்ணிருக்கா. கூப்பிடட்டுமா?"

டீச்சர் தலையாட்டினார். அவன் என்னைக் கடந்து போகும்போது, "நல்லா படிச்ச" என்றான் மெதுவாக.

சனிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. இரண்டாம் காட்சியில் எல்வியோவுக்கு வசனம் நின்றுபோனது. பார்வை என் பக்கம் திரும்பியது. அந்த வரி என் விரலடியில் இருந்தது. வாயைத் திறக்கவில்லை. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவன் நெற்றியில் வியர்வை பூத்தது.

எழுதினேன்: "8.25. எல்வியோ மறந்தான். நான் எடுத்துக் கொடுக்கவில்லை."

பிறகு வியாழக்கிழமைப் பக்கத்தைத் திருப்பி, விட்டுப்போன 7.10ஐயும் எழுதினேன்.