ஓட்டையில்லாத காய்

...பூச்சிமருந்து இரண்டு மூடிதான் போடச் சொன்னது, நான் நான்கு போட்டேன், பத்து லிட்டர் டேங்குக்கு நான்கு மூடி, அப்படி எட்டு டேங்க், அரை ஏக்கர் கத்தரி, அப்படியானால் ஒரு செடிக்கு எவ்வளவு, ஒரு காய்க்கு எவ்வளவு, என் வீட்டுக்காரி மாயக்காள் மூன்று கிலோவுக்குக் குறையாமல் பையில் கட்டிக் கொடுத்திருக்கிறாள்... கம்பம் ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே டெலிபோன் பூத்தில் ரிசீவரைக் காதில் வைத்தபடி இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். மணி நாலரை. மலைக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட் ஆபீசில் மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. மாயக்காளின் தங்கை அனுசுயா இந்நேரம் எஸ்டேட் கூலிக்காரர் லயத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள், ஆறு மணிக்கு அடுப்பைப் பற்ற வைப்பாள், மூன்று வயது மகள் சினேகாவுக்குக் கத்தரிக்காயை வேகவைத்து நெய்விட்டுச் சோற்றில் பிசைந்து ஊட்டுவாள். சினேகா எத்தனை கிலோ இருப்பாள்? பத்து? பதினொன்று? நேற்றுத் தூக்கியபோது, மருந்து நிறைந்த டேங்க் போலத்தான் தோளில் கனத்தாள்.

விடியற்காலை வயலுக்குப் போனபோது குருத்துகள் தொங்கிப் போயிருந்தன, தண்ணீர் பாய்ச்சிய வயலில் குருத்து வாடினால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம், அந்துப்பூச்சி அந்தி நேரத்தில் இலைக்கு அடியில் முட்டை வைக்கும், பொரிந்து வருகிற புழு நூல் கனம்கூட இருக்காது, கொஞ்ச நேரத்தில் குருத்தையோ காயையோ துளைத்து உள்ளே போய்த் தன் கழிவாலேயே வாசலை அடைத்துக்கொள்ளும், பிறகு வெளியில் எவ்வளவு தெளித்தாலும் அதன்மேல் படாது. அதற்காகத்தான் இந்த மருந்து. இலை இதைக் குடித்துக்கொள்ளும், சாற்றோடு சேர்ந்து செடிக்குள் ஓடும், புழு எங்கே கடித்தாலும் அங்கே மருந்து காத்திருக்கும், கடித்த புழுவுக்கு நரம்பு இழுத்துக்கொண்டுவிடும். கடைக்காரர் இதை விளக்கியபோது நான் வாயைப் பிளந்து கேட்டேன், என்ன ஏற்பாடு பார் என்று வியந்தேன், வாடையும் இருக்காது என்றார். அனுசுயா சுத்தக்காரி, மூன்று தண்ணீரில் அலசாமல் நறுக்க மாட்டாள்... அலசினால் தோலில் இருப்பது போகும், உள்ளே ஓடுவது? வேகும்போது போகுமா? அதை அவர் சொல்லவில்லை, நான் ஏன் கேட்கவில்லை? வெயில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்குமாம், பத்து நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று பாட்டிலோடு வந்த தாளில் எறும்பு எழுத்தில் இருக்கிறது. வாரம் இரண்டு பறிப்புக் கத்தரிக்குப் பத்து நாள் எவன் காத்திருப்பான், முற்றி விதை கட்டிப் போகாதா?

வீட்டுச் சமையலுக்கு வாய்க்கால் ஓரம் எட்டுச் செடி தனியாக உண்டு, அதற்கு மருந்தே காட்ட மாட்டோம், எங்கள் பக்கம் எல்லார் வயலிலும் இப்படி ஒரு வரிசை இருக்கும். பொத்தல் விழுந்த காய்தான், புழு தின்ற இடத்தை நறுக்கி எறிந்துவிட்டுக் குழம்பு வைப்போம். இரவல் டேங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மத்தியானம் வீடு திரும்பினேன், அனுசுயா ஜீப் ஏறிப் போயிருந்தாள், காய் கொடுத்துவிட்டாயா என்று சும்மாதான் கேட்டேன். “பின்ன, வெறுங்கையோடயா அனுப்புவாக? கத்தரிக்காய்க்காரன் வீட்டுல பொண்ணெடுத்தும் புழுவோடதான் காய் வருதுன்னு போன தடவையே அவ மாமியா கேட்டுச்சாம். இந்தத் தடவ ஒரு பொத்தல் இல்லாமப் பாத்துப் பாத்துப் பறிச்சேன். கண்ணாடி கணக்கா இருந்துச்சு” என்றாள் மாயக்காள். பொத்தல் இல்லையென்றால் அது வாய்க்கால் ஓரத்துச் செடியில் பறித்ததில்லை. காலையில் மருந்தடித்தேன் என்றேன். “அடிக்கிறதுக்கு மொத நாளே சொல்லுவீகள்ல,” என்றாள், “வாடைகூட அடிக்கலையே...” அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள்மேல் என்ன தப்பு? விருந்தாளிக்கு நல்லதைத்தானே எடுத்துக் கொடுத்தாள்.

மணி நின்றது, யாரோ எடுத்தார்கள். எஸ்டேட் வாட்ச்மேன், மலையாளி. விவரத்தைச் சொன்னேன், கத்தரிக்காய் என்றேன், விஷம் என்றேன், பிள்ளை என்றேன், பாதி புரிந்ததோ என்னவோ... ஆபீசைப் பூட்டியாயிற்று, லயம் ரெண்டு மைல் கீழே, கேட்டை விட்டுப் போக முடியாது, யாராவது வந்தால் சொல்கிறேன், இல்லையென்றால் நாளைக்கு என்று சொல்லி வைத்துவிட்டான். வெளியே நின்ற ஜீப்காரரிடம் ஓடினேன், “பன்னெண்டு பேரு சேராம எடுக்க மாட்டேன், இப்ப எடுத்தாலும் போய்ச் சேர எட்டாயிரும்” என்றார். எட்டு மணிக்குப் பிள்ளை சாப்பிட்டுத் தூங்கியிருக்கும். ஒருவேளை இன்றைக்கு ரசம் வைப்பாளோ, களைப்பில் கஞ்சியோடு நிறுத்திக்கொள்வாளோ, ஆனால் மாமியாருக்குக் காட்டவாவது இன்றே சமைப்பாள், பொத்தல் இல்லாத காயல்லவா... திரும்ப வந்து அதே நம்பரைப் போடச் சொன்னேன், அடித்துக்கொண்டே இருக்கிறது.

கேரளா லாரி ஒன்று பூத்தை ஒட்டி உறுமிக்கொண்டு மலைப்பக்கம் திரும்புகிறது, மேலே தார்ப்பாய், தார்ப்பாய்க்குக் கீழே காய்ப் பெட்டிகள். போன வாரம் திங்கட்கிழமை அடித்தேன், புதன்கிழமை பறித்தேன், எட்டுப் பெட்டி இதே மாதிரி லாரி ஏறியது, அன்றைக்கும் நான்கு மூடிதான், ஒரு காயில்கூடப் பொத்தல் இல்லை என்று தரகர் என் தோளைத் தட்டினார். அன்று ராத்திரி நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? சாப்பிட்டேன், படுத்தேன், நன்றாகத் தூங்கினேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பூத்துப் பையன் கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை நீட்டி, “எடுக்க மாட்டாக போலண்ணே, வேற நம்பர் எதும் போடணுமா?” என்று கேட்டான். ரிசீவரை வைக்காமல் நின்றேன், வேறு எந்த நம்பரைச் சொல்வது...