மூடாத வாய்

மூன்றாவது தடவையாகத் துணியை அவிழ்த்துக் கட்டினாள் அற்புதமேரி. கீழ்த்தாடையைக் கையால் ஏந்தி மேலே தள்ளி, கிழித்த வெள்ளைச் சேலைத் துண்டை உச்சந்தலைக்குக் கொண்டுபோய் இறுக்கி முடிச்சுப் போட்டாள். செத்துக் கிடந்த புருஷன் சூசைநாதனின் வாய் மூடியது. வாளித் தண்ணீரில் கை கழுவிவிட்டுத் திரும்பினாள். முடிச்சு போட்டது போட்டபடி இருந்தது. வாய் திறந்திருந்தது.

"மாதாவே!"

கொழுந்தன் சவரிராயன் உள்ளே எட்டிப் பார்த்தான். "அண்ணி, பெட்டி வந்துருச்சு. நாலு மணிக்கு லாரி வந்துரும் லா. இன்னும் அண்ணன் வாய மூடலையா? சனங்க பாக்குறாங்க."

"நீயே கட்டிப் பாரு, தம்பி."

கட்டினான். கையை எடுத்த மறுகணம் தாடை மெல்லக் கீழே இறங்கியது. அவன் இரண்டடி பின்னால் போனான்.

"என்னமோ சொல்ல வர்ற மாதிரியே இருக்கு, அண்ணி." வெளியே போனவன் திரும்பி உள்ளே வரவில்லை.

என்ன சொல்ல வருகிறார் என்று அற்புதமேரிக்குத் தெரியும். அவளை விட்டால் அது தெரிந்த ஆள் உலகத்தில் வேறு யாரும் இல்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஐம்பத்தேழில், தஞ்சோங் பகார் துறைமுகத்தில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த கப்பலில் நடந்தது. மூட்டை தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டுகிறவனுக்குக் கைகாட்டுவது சூசைநாதனின் வேலை. உள்ளங்கை மேலே பார்த்தால் தூக்கு, கீழே பார்த்தால் இறக்கு. பீடி பற்றவைக்கக் குனிந்தவர், அடியில் ஆள் நிற்பதைப் பார்க்காமலே இறக்கு என்று கைகாட்டிவிட்டார். அரிசி மூட்டைகள் கூட வேலை பார்த்த மருதப்பன் தலையில் இறங்கின.

விசாரணைக்கு முந்தின நாள் வீட்டில் உட்கார்ந்து அழுதார் மனுஷன். அழுதவரை அதட்டியது அற்புதமேரிதான். "செத்தவன் செத்துட்டான். குடிச்சிட்டு வந்து குறுக்க நின்னான்னு சொல்லிருங்க. வேலை போனா இந்த குவாட்டர்ஸும் போயிரும். எங்க போய் நிப்போம்?"

அவர் அப்படியே சொன்னார். எழுதிக்கொண்டார்கள். வீடு தப்பியது.

அதற்குப் பிறகு அவர் நன்மை வாங்கவில்லை; மறைத்த பாவத்தோடு அந்த அப்பத்தை நாக்கில் வாங்கக் கூடாது. ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருவார், கடைசிப் பெஞ்சில் உட்காருவார், சாமியார் அப்பத்தோடு வரும்போது தலையைக் குனிந்துகொள்வார். அற்புதமேரி முன்னால் போய் நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டு வருவாள். நாலு வருஷமாக வாங்கினாள். எத்தனை துணிச்சல் அவளுக்கு!

இன்று காலையில் சாமியார் கட்டிலருகே நன்மை கொண்டுவந்தார். நெஞ்சு இழுத்துக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் சூசைநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வலியில் அப்படிச் செய்கிறார் என்று நினைத்தார்கள். அவர் கண் அற்புதமேரியையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்கு உயிர் போயிற்று. அப்போது திறந்த வாய்தான். பழம், பூ, கிடத்தியிருந்த பாய் என்று எங்கும் ஈ மொய்த்தது. அந்த வாய்ப்பக்கம் மட்டும் ஒன்றுகூடப் போகவில்லை.

மூன்றரை மணிக்குக் கண்மணி வந்தாள். மருதப்பனின் பெண்டாட்டி. எதிர் வரிசைக் குவாட்டர்ஸில் தன் தம்பி வீட்டில் இருக்கிறாள். வாசலில் நின்றால் அந்த வீட்டுக் கூடம் தெரியும். அங்கே மருதப்பன் படம் முகம் சுவரைப் பார்க்கத் திரும்பித் தொங்கும், பின்னட்டைதான் தெரியும். குடிக்க மாட்டேன் என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன் குடித்துவிட்டுச் செத்தான் என்று அவளே திருப்பி மாட்டியது.

"ஐயோ, அண்ணன் ஏன் இப்படிக் கிடக்குறாரு? தள்ளுங்கக்கா, நான் கட்டுறேன்." முடிச்சை அவிழ்த்துத் துணியை அற்புதமேரி கையில் கொடுத்தாள். குனிந்து தாடையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள். "எங்க வீட்டாளுக்கு நான் கட்டலக்கா. குடிகாரனுக்கு என்ன செய்யிறதுன்னு கிட்டயே போகல. துணியைக் குடுங்க."

அற்புதமேரி கொடுக்கவில்லை. வெளியே ஜெபமாலை சொல்லும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது விட்டால் பெட்டியை மூடிவிடுவார்கள்.

"அவரு குடிக்கல, கண்மணி."

"யாருக்கா?"

"மருதப்பன். தப்பாக் கைகாட்டுனது இவரு. குடிச்சான்னு பொய் சொல்லச் சொன்னது நான். இவரு மாட்டேன்னுதான் அழுதாரு. நான்தான் சொல்ல வச்சேன்."

வெளியே ஜெபமாலை பாதியில் நின்றது.

கண்மணியின் கைகள் தாடைக்கடியிலேயே இருந்தன. "ஒரு சொட்டு கூடவா குடிக்கல?"

"ஒரு சொட்டு கூட இல்ல."

திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அற்புதமேரி காத்திருந்தாள். கண்மணி கையை எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள். வழி விட்டவர்கள் யாரையும் பார்க்காமல் வெயிலில் இறங்கி எதிர் வீட்டுக்குள் போனாள். அற்புதமேரிக்குப் பிணத்தின் பக்கம் திரும்பப் பயமாக இருந்தது. வாசலைப் பிடித்துக்கொண்டு எதிரே பார்த்தாள்.

கண்மணி முக்காலி மேல் ஏறிப் படத்தைக் கழற்றினாள். கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். நேரே மாட்டிவிட்டு முக்காலியை விட்டு இறங்காமல் அப்படியே நின்றாள்.

லாரி வந்து நின்றது. சவரிராயன் தயங்கித் தயங்கி உள்ளே வந்தான்.

"யாரு அண்ணி கட்டுனது? இப்ப நல்லா மூடியிருக்கே."

துணி அற்புதமேரியின் கையில் இருந்தது.