வாத்தியார் பல் வெளுத்த கதை

மகள் டெபோராவின் நிச்சயதார்த்த ஆல்பம் வந்த அன்றுதான் பாக்கியசீலன் தன் பற்களை ஒழுங்காகப் பார்த்தார். மகள் பக்கத்தில் பளிச்சென்று நிற்க, அவர் மட்டும் வாய் நிறைய மக்காச்சோளத்தை அடக்கிக்கொண்டு சிரிப்பதுபோல் இருந்தது. பாளையங்கோட்டைப் பள்ளியில் முப்பது வருஷமாக வேதியியல் வாத்தியார். பாடவேளைக்கு ஒரு டீ என்று குடித்ததெல்லாம் அங்கேதான் படிந்திருந்தது. 'என்னத்தப் பெரிய வாத்தியாரு, பல்லுல டீக்கடையே நடத்தியிருக்கேன்' என்று நினைத்துக்கொண்டார்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, மனைவி சாரம்மாளையும் கூட்டிக்கொண்டு மார்க்கெட் பக்கம் இருந்த பல் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் எப்சி அவரிடம் படித்த பெண். விளக்கடித்துப் பார்த்தவள், முன்பல் ஒன்றைத் தட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சார், இது ஒடஞ்ச பல்லு மேல மாட்டுன பீங்கான் கேப்புல்லா. வெளுக்குத மருந்து இதுல ஏறாது. மத்த பல்லெல்லாம் வெள்ளையானா இது மட்டும் தனியாத் தெரியும். வெளுத்து ரெண்டு வாரம் கழிச்சுத்தான் புதுக் கேப் போட முடியும். கல்யாணம் முடிஞ்சு வாங்களேன்."

சுவரோரம் சாரம்மாள் உட்கார்ந்திருந்தாள். வாலிபத்தில் சைக்கிளிலிருந்து விழுந்து அந்தப் பல்லை உடைத்துக்கொண்டதை இருபத்தொன்பது வருஷமாக அவளிடம் அவர் சொன்னதில்லை. பெண் பார்க்கப் போனபோது மறைத்தது, பிறகு சொல்லத் தோதான நாளே வரவில்லை.

"அதெல்லாம் பாத்துக்கிடலாம். நீ செய்யி, தாயி" என்று வாயைத் திறந்துவிட்டார்.

ஈறுக்குக் காப்புப் பசை தடவி, பல்லில் பெராக்சைடு ஜெல்லைப் பூசி, நீல விளக்கை வைத்தாள் எப்சி. ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணாடியைக் கொடுத்தாள். எல்லாப் பற்களும் பச்சரிசி மாதிரி மின்னின. நடுவில் ஒன்று மட்டும் அரிசியில் கிடக்கும் துவரம்பருப்பாக நின்றது.

ஆட்டோவில் சாரம்மாள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு வந்தாள். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னார்.

"கல்யாணமான மறு மாசமே தெரியும்" என்றாள் அவள். "கொய்யாக்காயக் கடிக்கச் சொன்னா கத்தியத் தேடுதீகளே, அப்பவே நெனச்சேன். நீங்களா சொல்லுவீகன்னு இருந்தேன்."

அவருக்கு ஆட்டோவிலிருந்து குதித்துவிடலாம்போல் இருந்தது. குதித்தால் இன்னொரு பல் போகும் என்று பேசாமல் உட்கார்ந்துகொண்டார்.

கல்யாணத்தன்று உதட்டைப் பூட்டிக்கொண்டே வாசலில் நின்று எல்லாரையும் கும்பிட்டார். ஆலயத்தில் ஆராதனை முடிந்து மண்டபத்துக்கு வந்ததும், மாப்பிள்ளையின் அப்பா நேசையா அவரைத் தூணோரம் இழுத்தார். வள்ளியூர்க்காரர், மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்.

"சம்மந்தி, காலையிலேருந்து பாக்கேன். மூஞ்சிய இறுக்கிக்கிட்டே நிக்கியளே. எங்க பக்கம் எதும் கொறையா? இந்தச் சம்மந்தம் புடிக்கலையோன்னு உள்ள எம் பொண்டாட்டி அழுதுக்கிட்டு இருக்கா."

பாக்கியசீலனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் அழகுப் பைத்தியத்தில் மகள் போகிற வீட்டையே அழவைத்துவிட்டோமே!

"ஐயோ, அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல. இங்கன பாருங்க" என்று வாயை அகலத் திறந்து காட்டினார்.

நேசையா குனிந்து பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வாங்க சம்மந்தி, இத அவ கண்ணாலயே பாக்கட்டும்" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். சம்பந்தியம்மாளுக்குக் காட்டினார். அவள் தங்கைகள் மூன்று பேருக்கும் காட்டினார். கண்ணைத் துடைத்த முந்தானையாலேயே சம்பந்தியம்மாள் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? வரவேற்புரைக்கு மைக்கை வாங்கியதும் அவரே பல்லைக் காட்டி ஆரம்பித்தார்: "ஹைட்ரஜன் பெராக்சைடு கறையத்தான் வெளுக்கும், பீங்கான வெளுக்காது. இதப் பரீட்சையில தப்பா எழுதினவன முட்டி போட வச்சிருக்கேன். அவனுக யாராவது வந்திருந்தா மன்னிச்சிருங்கப்பா."

பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து கைதட்டினார்கள். மேடையில் டெபோரா முக்காட்டுக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

பந்தியில் அவரை நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை. "சார், ஒரு தரம்" என்று ஆள் மாற்றி ஆள் வந்து நின்றார்கள். அவரும் பிரியாணியை விழுங்கிவிட்டு, ஈயென்று காட்டிக்கொண்டே இருந்தார்.