பங்குக்குப் படித்த படிப்பு

1927ஆம் ஆண்டு வைகாசி மாதம், பேசாலைக் கொன்ஸ்ரன்ரைன் மன்னார்ப் பட்டினத்தில் காசு கட்டிப் படித்த இங்கிலீசு, அவனுடைய சின்ன அண்ணன் பஸ்ரியனின் பெண்சாதி பூமணியின் வாயில் வந்து இறங்கியது. அவள் அப்போது கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கிட்ட வந்த காகத்துக்குக் கையை ஓங்கியவள், "கோ எவே, சேர்" என்றாள். காகம் போய்விட்டது. பள்ளிக்கூட வாசலையே மிதித்தறியாத பூமணி, அன்று மத்தியானம் தபால்காரன் கொண்டுவந்த இங்கிலீசுக் கடிதமொன்றை வாசித்துப் பொருளும் சொன்னாள். குசினியில் கறி கூட்டிக்கொண்டிருந்த மூத்த மருமகள் அருள்நாயகிக்கு அதைக் கேட்ட மாத்திரத்தில் வயிறு பற்றி எரிந்தது. அந்த எரிவு அடுத்த வருஷம்வரை அணையவில்லை.

நடந்தது இதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமிர்தநாயகம் மாஸ்டர் மன்னார் உப்புக்குளத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, கொமர்ஷல் கொலிஜ் என்று பலகை மாட்டியிருந்தார். சாமிமாரின் பள்ளிக்கூடம் போலத் தருமத்துக்கு நடந்ததல்ல அது, யாவாரம். அதை அவர் மறைக்கவும் இல்லை. மீன் விலை ஏறும், இறங்கும். அவருடைய தவணைக் காசு ஏற மட்டுமே செய்தது. "கந்தோர் உத்தியோகம் கிடைச்சால் ரெண்டு வருசத்திலை போட்டது திரும்பும். பிறகு வாறதெல்லாம் லாபம்" என்று அவர் சொன்னதை நம்பி, மூத்தவன் சந்தியோகு வள்ளத்தை விற்றான், பஸ்ரியன் வலையை விற்றான், பூமணி தோட்டைக் கழற்றினாள். சந்தியோகுவின் பெண்சாதி அருள்நாயகி மட்டும் கழுத்துச் சங்கிலியைக் கையால் பொத்திக்கொண்டாள். தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்ததில் அவளுக்கென்று மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். "நாளைக்கு ஒருத்தி வந்து அவனைக் கட்டுவாள். சம்பளம் அவளின்ரை மடிக்குப் போகும். நாங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு இருக்கிறதோ?" என்று கேட்டாள். கேட்டதில் நியாயம் இருக்கிறது என்றுதான் ஊரும் சொன்னது.

பிசகு சந்தியோகுவால் வந்தது. புதுக் கரைவலையை முதன்முதல் கடலில் விடும்போது பங்காளிகள் எல்லாரும் வலையில் கை வைத்து, பங்குக்குப் போடுகிறோம், பங்குக்கு எடுப்போம் என்று சொல்வது அந்தக் கரையின் வழக்கம். கை வைத்தவனுக்குப் பங்கு. வைக்காதவன் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான். பெரிய காசு புரளும் காரியம் என்றால் சந்தியோகுவுக்கு வலை ஒன்றைத்தான் தெரியும். அதனால் தவணைக் காசைத் துணியில் முடிந்து நடுவில் வைத்து, தானும் கை வைத்து, பஸ்ரியனையும் பூமணியையும் வைக்கச் சொல்லி, அதே வார்த்தையைச் சொல்லிவிட்டான். படிப்பும் சொன்னபடியே பங்குக்கு வந்தது. ரைப்பிங் சந்தியோகுவின் விரல்களுக்குப் போனது. சுருக்கெழுத்து பஸ்ரியனுக்கு. இங்கிலீசு முழுக்கப் பூமணிக்கு. வகுப்பில் போய் இருந்து படித்த கொன்ஸ்ரன்ரைனுக்குக் கழுத்துப்பட்டி கட்டவும் குட் மோர்னிங் சொல்லவும் மட்டுமே வந்தது. முதல் போடாமல் கயிறு மட்டும் இழுத்தவனுக்கு அந்தக் கரையில் அவ்வளவுதான். முறையிடப் போன சந்தியோகுவிடம் மாஸ்டர் பதறாமல், "காசு கட்டினவைக்குத்தானே படிப்புப் போயிருக்கு, பிறகென்ன?" என்று கேட்டார். சந்தியோகுவுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

படிப்பு முடியுமுன்பே தலைமன்னார்ப் பியரில், கப்பல் அணையும் துறையில், இருந்த ஒரு கப்பல் கொம்பனி கொன்ஸ்ரன்ரைனைக் கிளாக்கராக எடுத்தது. காலை ரயிலில் நாலு பேரும் போய் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். துரை அவர்களை எண்ணிப் பார்த்துவிட்டு, சம்பளம் ஒன்றுதான் தருவேன் என்று சொல்லி, கூடுதலாக மூன்று கதிரை போடுவித்தார். அன்றிலிருந்து பூமணி ஊரில் ஒரு ஆள். கடிதம் வாசிப்பிக்க வந்தவர்கள் முட்டையும் முருங்கைக்காயும் கொண்டுவந்தார்கள். கோயிலில் பெண்கள் அவளுக்கு முன்னுக்கு இடம் விட்டார்கள். நாலு பேருக்கும் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு வீட்டில் நிற்பது அருள்நாயகியின் வேலையாயிற்று. பூமணியின் நாக்கு இழுத்துக்கொள்ளவேண்டும் என்று மாதாவுக்கு நேர்ந்தாள். பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லி அழுதாள். மறுநாள் ரயில் கூவியதும் திரும்பவும் நேர்ந்தாள். அவளுக்கு இங்கிலீசு வேண்டாம், சம்பளம் வேண்டாம். பூமணி போய் உட்காரும் இடத்தில் தனக்கும் ஒரு கதிரை கிடக்கவேண்டும். அது மட்டும் கிடைத்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

1928இல் கடைசித் தவணை வந்தது. கணக்கியலும் தேறினால்தான் உத்தியோகம் நிலைக்கும் என்று துரை சொல்லிவிட்டார். வீட்டில் விற்க இனி ஒன்றுமில்லை. அருள்நாயகி சங்கிலியைக் கழற்றி வைத்தாள். பூமணிக்கு அதைக் கண்டு மனம் தாளவில்லை.

"வேண்டாம் அக்கா. உங்கடை அம்மா போட்டது."

"என்னைப் பங்குக்குச் சேர்க்க உனக்கு மனமில்லையோ?" என்றாள் அருள்நாயகி.

சங்கிலி விற்ற காசு முடிச்சில் இந்தமுறை அவள் ஒருத்தியின் கைதான் இருந்தது. ஆகவே கணக்கு மொத்தமும் அவளுக்கே வந்தது. பரீட்சைக்குக் கொன்ஸ்ரன்ரைனின் பக்கத்தில் அவளும் போய் இருந்தாள். அவன் தேறினான், துரை ஐந்தாவது கதிரையைப் போடுவித்தார்.

முதல் நாள் மத்தியானத்துக்குள் அவள் கப்பல் சரக்குக் கணக்கை நேராக்கி முடித்துவிட்டாள். சும்மா இருக்க முடியாமல் மனம் வீட்டுக் கணக்கைப் போடத் தொடங்கியது. வள்ளம், வலை, தோடு, சங்கிலி, மாஸ்டர் வாங்கியது, ரயில் சீட்டு, பிடிபடாமல் கடலிலேயே நின்றுவிட்ட மீன், இவ்வளவும் ஒரு பக்கம். ஐந்து வயிற்றுக்கு ஒரு சம்பளம் மறுபக்கம். கொன்ஸ்ரன்ரைன் கிழவனாகிப் பென்சன் எடுத்தாலும் இரண்டும் சமப்படாது. ஆரம்பத்திலிருந்தே நட்டம்தான், தான் அன்று சொன்னதைவிடப் பெரிய நட்டம். வாயைத் திறந்து சொன்னால் போதும், எல்லாரும் எழும்பிவிடுவார்கள், பூமணி கருவாட்டுக்கே திரும்பிவிடுவாள். இதற்காகத்தானே அருள்நாயகி மாதாவின் காலைப் பிடித்தாள்.

வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் பூமணி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, கணக்கு இப்ப உங்களிட்டைத்தானே. என்ரை தோடு திரும்புமோ?"

அருள்நாயகி அவளுடைய வெறுங்காதைப் பார்த்தாள். தான் அந்தக் கதிரையில் இருந்தது இன்று ஒரு நாள்தான்.

"திரும்பும்" என்றாள். "எல்லாருக்கும் திரும்பும். நாளைக்கு நேரத்தோடை வெளிக்கிடு, ரயிலை விட்டிடாதை."

மறுநாளும் ஐந்து பேரும் போனார்கள். அதற்குப்பின் வந்த மூன்று துரைமாரும் அந்தக் கந்தோரில் ஒரு கிளாக்கருக்கு ஐந்து கதிரை என்பதை ஏற்றுக்கொண்டே பொறுப்பெடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள். தோட்டைப் பற்றிப் பூமணி பிறகு கேட்கவில்லை. அருள்நாயகியும் அந்தக் கணக்கை ஒருவருக்கும் சொல்லவில்லை. பூமணியின் கதிரை யன்னலோரம் காற்றுக்குக் கிடந்ததை மட்டும் அவளால் கடைசிவரைக்கும் பொறுக்க முடியவில்லை.